செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கின் முன் டயர் ஒரே சீராகத் தேயவில்லை, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. டயரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. அந்த டயரைக் கழற்றி எறிவதற்கு முன்னால் கையால் தடவிப் பாருங்கள். அதைச் செய்யாமல் ஒரு புது டயரைப் பாழாக்கியவன் நான்.

மூன்று வருடம் முன்பு மதுரையில் ஒரு பழைய 150 சிசி வண்டி வாங்கினேன். "சிங்கிள் ஓனர், கீழேயே விழாத வண்டி" என்றார் விற்றவர். முன் டயர் உங்களுடையது மாதிரியேதான் இருந்தது. பழைய ரப்பர், காய்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்து 2.75-18 புதுசு ஒன்று மாட்டினேன். நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, நாற்பதில் போகும்போது ஹேண்டிலில் பழைய டயரில் வந்த அதே 'கொர்ர்' இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்னைப் பின்பக்கம் அமுக்கச் சொன்னார். முன் சக்கரம் தூக்கிக்கொண்டது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள், அதுதான் போர்க், அவற்றின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். 'டொக்'. பிறகு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நேராக வரும் இடத்தில் குழியில் இறங்கின மாதிரி நின்றது.

"கோன் செட் போயிருச்சு தம்பி. டயரு என்ன பண்ணும்?"

கோன் செட் என்றால் ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங். பிரித்தபோது அதில் குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் வரிசையாகத் தழும்பு.

உங்கள் டயரில் உள்ளங்கையை வைத்து, உருளும் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறுதிசையில் ரம்பம் மாதிரி தடுக்கினால் கோன் செட், வீல் பேரிங், போர்க் ஆயில், காற்று, வீல் பேலன்ஸ் இந்தக் கூட்டத்தில்தான் ஆள் இருக்கிறார். முதலில் காற்று, அதற்குத்தான் காசு செலவில்லை. அடுத்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடினால் போர்க்கில் ஆயில் இல்லை அல்லது செத்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறியையும் பாருங்கள். பஞ்சர் போட்டவர் திருப்பி மாட்டியிருந்தாலும் இந்த ரம்பம் சீக்கிரம் விழும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு. அதிலும் வலப்பக்கம் லேசாகக் கூடுதல் என்றால் விட்டுவிடுங்கள். நம் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும், நாம் இடது ஓரமாகப் போகிறோம். வண்டி நேராக நின்றாலும் டயரின் வலது தோள்தான் ரோட்டில் அதிகம் உரசும். வலது திருப்பமும் நமக்கு எப்போதும் பெரிய வட்டம். இடப்பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். விழுந்த வண்டியாக இருக்கலாம். ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் சேசிஸில் முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் அடி வாங்கியிருக்கிறது. (என் 'கீழேயே விழாத வண்டி'யிலும் அங்கே பெயிண்ட் பெயர்ந்து உலோகம் பளபளத்தது.) பயந்துவிடாதீர்கள், பல நேரம் போர்க் வளைந்திருக்காது, பிடித்திருக்கும் கிளாம்பில் முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி முறுக்கினால் சரியாகிவிடும். நிஜமாகவே வளைந்திருந்தால் நல்ல லேத்தில் காட்டுங்கள். பின் சக்கரத்தில் செயின் டைட் பண்ணும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா என்றும் எண்ணிவிடுங்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகுதான் டயர் கடைக்குப் போக வேண்டும். பள்ளம் விழுந்த ரப்பர் திரும்ப எழும்பாது. கோன் செட் மாற்றியும் என் புது டயரின் இரைச்சல் நிற்கவில்லை, அதோடேயே இன்னும் ஒரு வருடம் ஓட்டித் தீர்த்தேன்.