கொடி அசையவில்லை, குண்டு மட்டும் ஏன் விலகுகிறது?

வாசகர் கேள்வி: மூன்று வருடமாக 300 மீட்டரில் இலக்குச் சுடுதல் பழகுகிறேன். .308 ரைஃபிள், 175 கிரெய்ன் எடையுள்ள குண்டு. அண்மையில் 800 மீட்டர் தளம் ஒன்றில் சுட ஆரம்பித்தேன். சுடும் மேடைக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு பள்ளம். இடப்பக்கம் நீளமான மேடு, பாதி வழியில் முடிந்துவிடுகிறது. காலை 7 மணிக்கு எல்லாம் சரியாகப் படுகிறது. 10 மணிக்கு மேல் குண்டுகள் வலப்பக்கம் அரை மீட்டர், சில சமயம் முக்கால் மீட்டர் தள்ளி, கொஞ்சம் கீழேயும் விழுகின்றன. மேடைக்கு அருகில் உள்ள கொடி அசைவதே இல்லை. ஸ்கோப்பைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன். கோளாறு எங்கே?

பதில்:

ரைஃபிளில் கோளாறு இருந்தால் அது காலை 7 மணிக்கும் இருந்திருக்கும். நீங்கள் சொன்ன எல்லா அறிகுறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: அந்த மேடு முடியும் இடம்.

முதலில் 300 மீட்டர் அனுபவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். காற்று குண்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. சுழன்றபடி போகும் குண்டு, தன் மீது மோதும் காற்று வரும் திசைக்கு மூக்கை இம்மியளவு திருப்பிக்கொள்கிறது. அதனால் அதைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடை நேர் பின்னால் இழுக்காமல் சற்றுச் சாய்வாக இழுக்கிறது. ஆகவே விலகலைத் தீர்மானிப்பது குண்டு பறக்கும் மொத்த நேரம் அல்ல, காற்றுத்தடையால் அதற்கு ஆகும் தாமதம். வினாடிக்கு 790 மீட்டரில் கிளம்பும் உங்கள் குண்டு, தடையே இல்லாவிட்டால் 800 மீட்டரை ஒரு வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடக்கும். உண்மையில் சுமார் 1.4 வினாடி ஆகிறது. தாமதம் 0.4 வினாடி. அதைக் குறுக்குக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால் விலகல் வந்துவிடும். வினாடிக்கு 1 மீட்டர் காற்று, கன்னத்தில் பட்டும் படாமலும் போகும் காற்று, வழி முழுக்க வீசினால் 40 செ.மீ. இதே காற்று 300 மீட்டரில் தள்ளுவது 5 செ.மீ. தான். தூரம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, விலகல் எட்டு மடங்கு ஆகிவிட்டது.

சரி, கொடி ஏன் அசையவில்லை? பட்டம் விட்டவர்களுக்கு இது தெரிந்த கதை. கீழே இலை அசையாது, மேலே போன பட்டமோ நூலை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். தரையை ஒட்டிய காற்று புல்லிலும் கல்லிலும் உரசி வேகம் இழக்கிறது. படுத்துச் சுடும் உங்கள் முகத்தில் படுவது அந்தக் களைத்துப்போன காற்று. அதுவும் உங்கள் மேடை மேட்டின் மறைவில் இருக்கிறது. குண்டோ பார்வைக்கோட்டுக்கு மேலேயே நடுவழியில் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் போகிறது. கீழே பள்ளம் வேறு. பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்துக்கொண்டால் தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது என்று பாருங்கள். அந்த உயரத்துக் காற்றைப் பற்றி உங்கள் கொடிக்கு ஒன்றும் தெரியாது.

காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் உள்ள வித்தியாசம் வெயில்தான். சரிவுகள் சூடாக ஆக அவற்றை ஒட்டிய காற்று மேலேறும், பள்ளம் நெடுகக் காற்று நகரத் தொடங்கும். மாலையில் சரிவு குளிர்ந்ததும் இது தலைகீழாகும். அப்படி நகரும் காற்றுக்கு மேடு முடியும் இடம் ஒரு வாசல் மாதிரி. அதில் நெருக்கி நுழையும்போது வேகம் கூடும். உங்கள் குண்டு நடுவழியில் அந்த வாசலைத்தான் தாண்டுகிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது. வழியை மூன்றாகப் பிரித்தால், ஒரே மாதிரிக் காற்று வீசும்போது மொத்த விலகலில் ஏறத்தாழ பாதி முதல் பகுதியிலிருந்தும், மூன்றில் ஒரு பங்கு நடுப்பகுதியிலிருந்தும், மிச்சம் கடைசியிலிருந்தும் வருகிறது. கடைசியில் குண்டு மெதுவாகப் போவதால் அங்கேதான் காற்று அதிகம் தள்ளும் என்று பல சுடுதளங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியல்ல. தொடக்கத்தில் திரும்பிய கோணம் இலக்கு வரை கூடவே வரும். இலக்கை நெருங்கியபின் திரும்பினால் விலக இடமே இல்லை. ஆனால் உங்கள் தளத்தில் முதல் பகுதி மறைவில் இருப்பதால் ஆட்டத்தை நடத்துவது நடுப்பகுதிதான். அங்கே மட்டும் வினாடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காற்று என்று வையுங்கள். அரை மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. 6 மீட்டர் ஆனால் முக்கால் மீட்டரைத் தாண்டுகிறது.

கீழே விழுவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். மேட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சரிந்து இறங்கும், இறங்கும் காற்று குண்டையும் கூடவே இறக்கும். இன்னொன்று சுழற்சியின் வேலை. வலஞ்சுழிக் குழலிலிருந்து (குண்டை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்பும் குழல்) போகும் குண்டு இடப்பக்கக் காற்றுக்குள் நுழைந்தால் வலப்புறம் விலகுவதோடு லேசாகத் தாழும். வலப்பக்கக் காற்றில் இடப்புறம் விலகி லேசாக உயரும். இது சில சென்டிமீட்டர் கணக்கு. சுழற்சியால் எப்போதும் வலப்புறம் போகும் சிறு விலகல் ஒன்றும் உண்டு. அது காற்றைப் பொறுத்ததல்ல. காலையில் ஸ்கோப்பைச் சரிசெய்தபோதே அதில் அடங்கிவிட்டது.

இனி செய்ய வேண்டியது. கொடியை விட்டுவிட்டுக் கானலை, அதாவது வெயிலில் துடிப்பதுபோலத் தெரியும் காற்றை, பாருங்கள். தரைநோக்கியை (ஸ்பாட்டிங் ஸ்கோப்) இலக்கின் மேல் கூர்மையாக வைத்துவிட்டு, அதன் கூர்மைக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் திருப்பி, பார்வை நடுவழியில் நிற்கும்படி கொண்டுவாருங்கள். இலக்கு மங்கும், அதற்கு முன்னால் கானல் தெளிவாகத் தெரியும். காற்றில்லாதபோது அது கொதிக்கும் சட்டியின் ஆவிபோல நேராக மேலே துடிக்கும். காற்று வந்ததும் ஒரு பக்கமாகச் சாயும். இன்னும் கூடினால் ஓடையின் மேற்பரப்புபோலத் தட்டையாக ஓடும். அதற்குமேல் எவ்வளவு வேகம் என்று கானல் சொல்லாது. அப்போது புல்லையும் மரக்கிளையையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நேராகத் துடிக்கும் கானலைப் பார்த்ததும் விசையை அழுத்திவிடாதீர்கள். எதிர்க்காற்றிலும் பின்காற்றிலும்கூட அப்படித்தான் தெரியும், திசை மாறப்போகும் தறுவாயிலும் அப்படித்தான்.

காற்று சரியாகக் குறுக்கே வராவிட்டால் முழு வேகத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். சுடும் கோட்டுக்கு 30 டிகிரியில் வந்தால் பாதி, 45 டிகிரியில் பத்தில் ஏழு பங்கு.

அப்புறம், ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஸ்கோப்பின் திருகைத் திருகித் துரத்தாதீர்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் ஒரு போட்டி நாளை முழுக்க வீணடித்தேன்; நான் திருத்தி முடிப்பதற்குள் காற்று வேறு எங்கோ இருக்கும். பத்து நிமிடம் சுடாமல் பாருங்கள். எந்த நிலை அடிக்கடி வந்து அதிக நேரம் நிற்கிறதோ, அதற்கு ஸ்கோப்பைத் திருத்திக்கொண்டு, அந்த நிலை திரும்பும்போது மட்டும் சுடுங்கள். நேரம், கானலின் சாய்வு, குண்டு பட்ட இடம் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். நாலைந்து தடவை போனதும் அந்த வாசலின் குணம் பிடிபட்டுவிடும்.

ஸ்கோப் மாற்றியதில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். சாய்ந்து இறங்கும் மேடு பார்வையில் இருந்தால் கண் அதையே தொடுவானம் என்று நம்பி, நமக்குத் தெரியாமலே ரைஃபிளையும் சாய்த்துப் பிடிக்க வைக்கும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 800 மீட்டரில் 12 செ.மீ. போல பக்கத்தில் போகும். ஸ்கோப்பின் மேல் ஒரு சின்ன ரசமட்டம் பொருத்தி, குமிழி நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள்.