ஜி.ஐ.எஸ். என்பது வெறும் வரைபடமா? வட ஆர்க்காட்டு ஏரிகளை வைத்து ஒரு பதில்

கேள்வி: புவியியல் தகவல் அமைப்பு, அதாவது ஜி.ஐ.எஸ்., என்றால் என்ன? கைப்பேசியில் பார்க்கும் வரைபடத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நம் ஊர்ப் பக்கம் அதனால் என்ன பயன்?

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஏரிகள், கால்வாய்கள் தொடர்பான வரைபடப் பணி செய்பவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். எனவே எடுத்துக்காட்டுகளில் தண்ணீர் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

ஜி.ஐ.எஸ்.ஸின் அடிப்படை ஓர் அட்டவணைதான். அதன் ஒவ்வொரு வரியோடும், பூமியின் மேல் அது எந்த இடத்தைக் குறிக்கிறது என்ற விவரமும் சேர்ந்தே இருக்கும் என்பதே அதன் சிறப்பு. ஓர் ஏரி கணினியில் மூடிய எல்லைக்கோடாக வரையப்பட்டிருக்கும். அதைச் சொடுக்கினால் ஏரியின் பெயர், வருவாய்க் கிராமம், சர்வே எண், பரப்பு, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், எத்தனை ஏக்கர், மதகுகள் எத்தனை, உபரிநீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளதா ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளதா என்ற விவரங்கள் வரிசையாக வரும். கிணறு என்றால் ஒரு புள்ளி, வரத்துக் கால்வாய் என்றால் ஒரு கோடு. இப்படி ஒவ்வொரு வகைப் பொருளும் தனித்தனி அடுக்காகச் சேமிக்கப்படுகிறது.

இனி இந்த அடுக்குகளிடம் கேள்வி கேட்கலாம். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகளில், பாலாற்றுக்கு 5 கிலோமீட்டருக்குள் இருந்து, 500 மீட்டர் தொலைவுக்குள் தோல் தொழிற்சாலையும் உள்ளவை எவை என்று கேட்டால், சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும். ஏரி விவரம் ஓர் அலுவலகத்திலும், ஆற்றின் வரைபடம் இன்னோர் அலுவலகத்திலும், தொழிற்சாலைப் பட்டியல் வேறோர் அலுவலகத்திலும் இருப்பவை. மூன்று கோப்புகளுக்கும் பொதுவான எண்ணோ பெயரோ கிடையாது. அவை அமைந்துள்ள இடம் ஒன்றுதான் அவற்றை இணைக்கிறது. கைப்பேசி வரைபடத்தின் பின்னாலும் இதே தொழில்நுட்பம்தான் இயங்குகிறது என்றாலும், அங்கே பெரும்பாலும் வழியும் கடையும் தேடும் உரிமை மட்டுமே நமக்குத் தரப்படுகிறது. நம் தரவை நாமே ஏற்றி, நம் கேள்வியை நாமே கேட்பதற்கு ஜி.ஐ.எஸ். மென்பொருள் வேண்டும்.

இந்தச் சிந்தனை கணினிக்கு முந்தையது. 1854-இல் இலண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெரு வரைபடத்தில் குறித்து, அவை ஒரு குறிப்பிட்ட குடிநீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருப்பதைக் காட்டினார். 1960-களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கியதே கணினியில் இயங்கிய முதல் முறையான ஜி.ஐ.எஸ். வேலூரிலும் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் குடிநீர், வயிற்றுப்போக்குப் பரவல் ஆகியவற்றை ஜி.ஐ.எஸ். கொண்டு ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்னோ கையால் செய்த வேலையின் நேரடித் தொடர்ச்சி அது.

நம் பகுதிக்கு இன்னொரு பயனும் உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது; 2019-இல் வேலூர் மாவட்டம் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. மாவட்டப் பெயரை மட்டும் நம்பிய புள்ளிவிவரங்களை 2019-க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், வேலூரின் ஏரிகளும் நெல் பரப்பும் ஒரே இரவில் மாயமானதுபோல் தோன்றும். ஒவ்வோர் ஏரிக்கும் இடக்குறிப்பு இருந்தால் புதிய எல்லைக்கோட்டை மேலே வைத்து மறுபடி கணக்கிட்டால் போதும்.

செயற்கைக்கோள் படங்கள் வேறு வகைத் தரவு. அவற்றில் கோடுகள் இல்லை. சிறு சிறு கட்டங்களும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் கட்ட அளவில், ஏறத்தாழ 5 நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தண்ணீர் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், செழித்த பயிர் அதை நன்கு பிரதிபலிக்கும் என்ற ஒரு வேறுபாட்டைக் கொண்டே காவேரிப்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பை மாதவாரியாக அளந்துவிடலாம். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டதுபோன்ற நாட்களில், நமக்குப் படம் மிகவும் தேவைப்படும் வேளையில், வானம் முழுக்க மேகமாக இருக்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களையே நாட வேண்டும்.

இந்தப் பணியில் நேரத்தைத் தின்பது அடுக்குகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதுதான். இதைப் பாடநூல்கள் ஓரிரு பக்கங்களில் கடந்துவிடுகின்றன. பூமியின் வடிவத்துக்கு, பழைய இந்திய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கையும், ஜி.பி.எஸ். கருவிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கையும் பின்பற்றுகின்றன. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். ஏரிக்கரை பக்கத்து நிலத்தின் நடுவே போய் நிற்கும். சர்வே எண்வாரியாக நிலத்தை வரைந்த புலப்படங்களின் சிக்கல் வேறு. ஒரு சர்வே எண்ணுக்கான புலப்படத்தில் கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர் என்பது துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் புலம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதற்கான அட்சரேகையோ தீர்க்கரேகையோ அதில் இராது. மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்திலுள்ள கல்லைத் தேடிப் பிடித்து, அதன் மேல் கருவியை வைத்து அளவெடுத்து, அதைக் கொண்டு ஒவ்வொரு புலமாக இருத்த வேண்டும். அந்தக் கல் சாலை விரிவாக்கத்தில் புதைந்துபோயிருந்தால் சர்வேயருக்கும் நமக்கும் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ஆக்கிரமிப்பு வழக்குகளில் திரையில் தெரியும் கோட்டை மட்டும் நம்பி யாரும் முடிவு சொல்லக் கூடாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

உயரத் தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு, 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம் என்ற அளவில் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் நீரும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் வடியும் என்று கொண்டு மென்பொருள் ஓடைகளை வரைகிறது. ஜவ்வாது மலைச் சரிவில் இந்தக் கணக்கு அழகாகப் பலிக்கும். சமவெளிக்கு இறங்கியதும் தடுமாறும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கத்துக்கும் மகேந்திரவாடிக்கும் நீர் கொண்டுசெல்லும் கால்வாய்களின் வாட்டம், அதாவது சரிவு, மிகச் சிறியது. தரவின் பிழையோ மீட்டர் கணக்கில் வரும். கணினி வரையும் ஓடை கரையைத் தாண்டி, நீர் ஒருபோதும் போகாத திக்கில் ஓடும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டில் இடம்பெற்ற மகேந்திரவாடி ஏரியின் நீர்வரத்தை அறிய, இன்றைக்கும் கால்வாயோரம் நடந்து அளவெடுப்பதும், மடை திறந்து பழகிய ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதும்தான் நம்பகமான வழி. அவர்கள் சொல்வதையும் ஓர் அடுக்காகப் பதிந்துவைப்பது என் வழக்கம்.

கற்க விரும்பினால் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளைப் பரிந்துரைப்பேன். இலவசமானது, தமிழ் யூனிகோடு பெயர்களையும் ஏற்கும். விலைகொடுத்து வாங்கும் ஆர்க் ஜி.ஐ.எஸ். பெரிய நிறுவனங்களுக்குச் சரி. இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தில் இந்தியத் தரவுகள் சிலவற்றைப் பார்க்கலாம். முதற்பயிற்சியாக உங்கள் ஊர் ஏரியின் எல்லையை வரைந்து, அதன் பரப்பைக் கணக்கிட்டு, அடங்கல் என்ற கிராமக் கணக்கில் உள்ள ஹெக்டேர் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரப்பைக் கணக்கிடும் முன் ஆயத்தொலைவு முறையை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே விட்டால் நீள அகலங்கள் பாகைக் கணக்கில் நின்று, வரும் எண் பொருளற்றதாகிவிடக்கூடும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுமே 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் 44 பொருந்தும். ஓசூர், கோவைப் பக்கத்தவர்கள் 43-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.