ஆற்றைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? குப்பை எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கிறோம். வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூர்ப்புழை ஆற்றில் எங்கள் ஊர்க் கடவை (குளிக்கும் துறையை) சுத்தம் செய்ய ஊர் மன்றத்தினர் ஏற்பாடு செய்துவருகின்றனர். நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கலந்துகொள்ள விரும்புகிறோம். எலிக்காய்ச்சல் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சென்ற ஆண்டும் இதே கடவைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் மூட்டைகள் கரையிலேயே கிடந்து, மழையில் மறுபடி ஆற்றுக்கே போய்விட்டன. இந்த முறை என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் ஆற்றுத் தூய்மைப் பணிகள் பெரும்பாலும் தோற்பது அந்த இடத்தில்தான். குப்பையைப் பொறுக்க ஆள் கிடைப்பது கடினமல்ல. பொறுக்கியதை அன்று மாலைக்குள் கரையைவிட்டு அகற்றும் வண்டியும், அதை வாங்கிக்கொள்ளும் இடமும் முன்கூட்டியே உறுதியாகாமல் ஒரு சாக்கைக்கூட நிரப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிதறிக் கிடக்கும் குப்பையைவிட, வெள்ளம் ஏறும் கரையில் கட்டி வைத்த மூட்டை ஆற்றுக்கு அதிகக் கேடு செய்யும்.

கேரளத்தில் வீடுவீடாக மட்காத குப்பையைச் சேகரிப்பது ஹரித கர்ம சேனை. அவர்கள் சேகரிப்பதெல்லாம் ஊராட்சியின் எம்.சி.எஃப். எனப்படும் சேமிப்புக் கூடத்துக்குப் போய், அங்கு தரம் பிரிக்கப்பட்டு மறுசுழற்சிக்கு அனுப்பப்படுகிறது. ஆனால் அவர்கள் வீடுகளில் கேட்பது கழுவி உலர்த்திய பிளாஸ்டிக். ஆற்றிலிருந்து வருவதோ சேறும் மணலும் ஒட்டி நைந்துபோன பிளாஸ்டிக். அதில் பெரும்பகுதி மறுசுழற்சிக்கு ஆகாது. தனியாக எடை போட்டுத் தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் மன்றத்தினர் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே ஊராட்சிச் செயலரைச் சந்தித்து, சுமாராக எத்தனை சாக்கு வரும், எந்த நேரத்தில் வண்டி வரும், எம்.சி.எஃப். அன்று திறந்திருக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்திருக்கிறது. வண்டி கிடைக்காது என்று தெரிந்தால் நாளைத் தள்ளி வையுங்கள். கரையிலேயே கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

நாளைக் குறிக்கும்போது வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, அணையையும் கேட்க வேண்டும். ஆழியாறும் பாலாறும் உப்பாறும் சேர்ந்து வரும் இந்த ஆற்றில், 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் எல்லையிலுள்ள மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விடப்படுகிறது. அதனால் வெயில் கொளுத்தும் நாளிலும், நம் பக்கம் ஒரு துளி மழை இல்லாதபோதும், மேலிருந்து திறந்த நீர் வந்து சேரலாம். 2024 ஜூலையில் சித்தூருக்கு அருகே நறணி ஆலங்கடவில் ஆற்றில் இறங்கிய நால்வர், திடீரென உயர்ந்த நீரால் நடு ஆற்றில் சிக்கிக்கொள்ள, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்க வேண்டியிருந்தது. எனவே முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் சித்தூர் நீர்ப்பாசன அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, மூலத்தறைத் தடுப்பணையில் மதகு திறக்கப்போகிறார்களா என்று கேட்டறிவது ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கட்டும். நிலம்பதியின் (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலத்தின்) மேல்பக்கம் விசிலுடன் ஒருவர் நின்று நீர்மட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் குப்பை பொறுக்கக் கூடாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முந்தைய வாரங்கள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை: நீர் குறைந்திருக்கும், அகற்றிய குப்பை முதல் வெள்ளத்தில் பாரதப்புழைக்குப் போகாமலும் தடுக்கப்படும்.

எலிக்காய்ச்சல் குறித்து உங்கள் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும், தோலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உடலில் சேர்வதால் இந்நோய் வருகிறது. இதற்கு முன்தடுப்பாக டாக்ஸிசைக்கிளின் மாத்திரையை, பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்ற அளவில், கேரளத்தின் அரசு சுகாதார நிலையங்களில் கொடுக்கிறார்கள். அதை உணவுக்குப் பின் நிறையத் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல என்பதால், கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், பணிக்கு வருவோர் பெயர்ப் பட்டியலுடன் சுகாதார நிலைய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவதே முறை. உங்கள் மகளுக்குத் தேவையா என்பதையும் அவரே சொல்வார். தடுப்பு மாத்திரை போட்டாகிவிட்டது என்பதற்காகக் கையுறை இல்லாமல் சேற்றில் கைவிடக் கூடாது. காலில் ஆறாத புண்ணோ பித்தவெடிப்போ உள்ளவர்கள் நீரில் இறங்காமல் கரை வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் பயன்படுத்தும் மெல்லிய கையுறை முதல் முள்ளிலேயே கிழிந்துவிடும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த கையுறையே வேண்டும். நீரில் இறங்குவோருக்கு நீண்ட கம்பூட்ஸ் நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். சேற்றுக்கு அது சரி, ஓடும் நீரில் அதற்குள் தண்ணீர் புகுந்தால் கால் எடுக்க முடியாது. இறுகக் கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ போதும். புதிய பிளாஸ்டிக் பைகளை வாங்காமல், பழைய உரச்சாக்கு அல்லது மாட்டுத்தீவனச் சாக்கின் அடியில் நாலைந்து துளையிட்டு நீர் வடியவிட்டு, பாதிக்கு மேல் நிரப்பாமல் கட்டுங்கள். நனைந்த துணியும் மணலும் நிறைந்த சாக்கைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இனி எதை எடுப்பது, எதை விடுவது என்பது. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த சாக்கைக் கவனித்துப் பாருங்கள்: முழுதாக இருப்பதுபோல் தெரியும், விரலால் பிடித்து இழுத்ததும் வெள்ளை நாராக உதிர்ந்து, ஒவ்வொரு நாரும் நீரோடு போய்விடும். அதை இழுக்காமல், அடியிலுள்ள மணலோடு மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் போட வேண்டும். பாதி புதைந்த சேலையோ வேட்டியோ கரையோரத்தில் இருந்தால் பலமாக இழுக்காதீர்கள், கரை சரியும். வெளியே தெரியும் பகுதியைக் கத்தரித்து எடுத்தால் போதும். நாணலையும் நீர்மருதையும் வேரோடு விட்டுவிடுங்கள். ‘பளிச்சென்று’ தெரிய வேண்டும் என்று புதர்களை வெட்டிக் கரையை மொட்டையாக்குவது தூய்மை அல்ல. அந்த வேர்கள்தான் வெள்ளத்தில் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன, அவற்றின் நிழலில்தான் மீன்குஞ்சு ஒதுங்குகிறது. புதரில் சிக்கியிருக்கும் பைகளை மட்டும் கம்பு கொண்டு எடுங்கள். கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள், விரியன் இருக்கலாம். ஆகாயத்தாமரை வேறு கதை: அதைப் பூக்குமுன் எடுத்து, வெள்ளம் தொடாத மேட்டில் உலர்த்தி உரமாக்க வேண்டும், கரையில் குவித்தால் மறுபடி நீரில் விழுந்து தழைக்கும்.

ஊசி, மருந்துப் புட்டி, ரத்தக் கறை படிந்த பஞ்சு, பூச்சிக்கொல்லி டப்பா ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் தொடவே கூடாது. அந்த இடத்தில் கயிறு கட்டி, படம் எடுத்து, ஊராட்சிக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தெரிவியுங்கள். எல்லைப் பகுதியில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவுகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரள அதிகாரிகளே லாரிகளுடன் வந்து திரும்ப எடுத்துச் சென்றார்கள். அந்தக் குவியலில் கிடந்த காகிதங்கள்தான் அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. ஆகவே முகவரி தெரியும் எந்தச் சீட்டையும் கலைக்காமல் அப்படியே விட்டு வையுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் தரும் வேலை, எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது என்று கருதுகிறேன். ஆற்றில் இறங்காமல், கரையில் ஒரு நோட்டுடன் அமர்ந்து, வரும் ஒவ்வொரு சாக்கும் எந்த இடத்திலிருந்து வந்தது, அதில் எது அதிகம் என்று எழுதட்டும். கடவுப் படியருகே ஷாம்பு உறையும் சோப்புத் தாளும் அதிகமாக இருந்தால் படியிலேயே ஒரு தொட்டி வைத்தால் பெரும்பகுதி நிற்கும். பாலத்துக்கு நேர் கீழே கோழிக்கழிவு மூட்டைகள் குவிந்திருந்தால், இரவில் வண்டியில் வந்து வீசுகிறார்கள் என்று பொருள்; அதற்குக் கேமராவும் கைப்பிடிச் சுவரின் மேல் வலையும் வேண்டும், இன்னொரு தூய்மை நாள் உதவாது. ஓடை வந்து சேரும் வாயில் வீட்டுக் குப்பை இருந்தால் அந்த ஓடையின் மேல்பக்கத் தெருக்களில் ஹரித கர்ம சேனைக்கு யார் கொடுப்பதில்லை என்று பார்க்க வேண்டும். மேலிருந்து நீரோடு வந்தது என்று தோன்றுவதையும் தனியாகக் குறித்து, ஆனைமலைப் பக்கத்து ஊராட்சிகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். குறை கூறும் தொனியில் அல்லாமல், அடுத்த முறை இரு கரையாரும் ஒரே நாளில் இறங்கலாமா என்று கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, ஷூவையும் கையுறையையும் வெயிலில் காயவையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ தெரிந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலுடன் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, ஆற்றில் இறங்கிய தேதியை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.