கம்பியில் கோத்துச் சுடும் கறி வெளியே கருகி, உள்ளே வேகாமல் போவது ஏன்?

எலும்பில்லாத கறித்துண்டுகளை மசாலாவில் ஊறவைத்து, இரும்புக் கம்பியில் கோத்து, கரித்தணலின் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவதே கபாப். அக்கினி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், அனல் நிறைந்த சமையலறைக்குள் நிற்காமல் மாலையில் மொட்டைமாடியிலேயே முடித்துவிடக்கூடிய உணவு இது.

கரி கொழுந்துவிட்டு எரியும்போதே கம்பியை வைப்பதுதான் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம். சுவாலை மேற்பரப்பை உடனே தீய்த்துவிடும். வெப்பமோ கறியின் நடுப்பகுதிக்கு மெதுவாகவே செல்லும். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் கரி கனன்று சீரான பிறகே பெட்டியைத் துணியில் வைப்பதைப் போல, கரியின் மேல் வெண்சாம்பல் படரும்வரை காத்திருக்க வேண்டும். துண்டுகள் ஏறத்தாழ 1 அங்குல அளவில் ஒரே சீராக இருப்பதும், அவற்றுக்கிடையே சிறிது இடைவெளி விட்டுக் கோப்பதும் வெப்பம் எல்லாப் பக்கமும் சென்றடைய உதவும். கொழுப்பு சொட்டித் தீ மூண்டால், விசிறாமல் கம்பியைச் சற்று நகர்த்தினால் போதும். ஆட்டுக்கறி என்றால் அது மென்மையாக, ஊறவைக்கும் மசாலாவில் பப்பாளிக்காய் விழுது சிறிதளவு சேர்க்கலாம். கூடினால் கறி குழைந்துவிடும்.

மேற்புறம் சிவந்தால் உள்ளேயும் வெந்துவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். அந்தச் சிவப்பில் பெரும்பங்கு மிளகாய்த்தூளுடையது என்பதால், தடித்த துண்டு ஒன்றைப் பிளந்து பார்க்க வேண்டும், கோழிக்கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் எட்டியிருக்க வேண்டும்.