பத்து நிமிட ரீவி வாய்ப்பு: போகலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சிப் பக்கம். கடையில் வேலை செய்துகொண்டு பிறந்தநாள் வீடுகளிலும் முன்பள்ளி விழாக்களிலும் மாயவித்தை காட்டுகிறேன். யாழ்ப்பாணத்துக் கேபிள் ரீவி ஒன்று பொங்கல் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் செய்யக் கேட்கிறது. சம்பளம் இல்லை. "ஆர் பாக்கிற ரீவியெண்டு வேலையை விட்டிட்டுப் போறாய்?" என்கிறார் அப்பா. பெரிய சனலில் திறமைப் போட்டி வரும்வரை காத்திருக்கட்டுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் தம்பி, போங்கள்.

பார்ப்பவர்கள் கொஞ்சப் பேராக இருக்கலாம் என்பதில் அப்பா சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் அங்கே போவது அந்த வீடியோவுக்காக. நல்ல வெளிச்சத்தில், சத்தம் தெளிவாக எடுத்த பத்து நிமிடம் கையில் இருந்தால், சாமத்திய வீட்டுக்காரரோ பாடசாலை அதிபரோ விசாரிக்கும்போது உடனே வட்ஸ்அப்பில் அனுப்பலாம். இன்று உங்களிடம் இருப்பது யாரோ பின்வரிசையிலிருந்து போனில் எடுத்ததாகத்தான் இருக்கும். அதனால் 'சம்பளம் வேண்டாம், வெட்டாத முழுப் பதிவைத் தாருங்கள், நான் பகிரவும் சம்மதம் தாருங்கள்' என்று முன்கூட்டியே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பஸ் காசையும் கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மார்க் வில்சன் என்ற அமெரிக்க வித்தைக்காரர் 1955இல் டாலஸ் நகரத்து உள்ளூர் நிலையத்தில்தான் நிகழ்ச்சி செய்யத் தொடங்கினார். 1960இல் சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தேசிய ரீவி நிறுவனம் அவரை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. முன்னால் பார்வையாளர் இருக்க வேண்டும், வித்தை நடக்கும்போது கமராவை வெட்டக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 'இது கமரா வேலை' என்று வீட்டில் இருப்பவர் நினைத்துவிட்டால் அந்த வித்தை செத்துவிடும் அல்லவா?

உங்களுக்கும் அதுதான் விஷயம். காசு மறையும் நேரம் பார்த்து, சிரிக்கிற பிள்ளையின் முகத்தைக் காட்டினால் எல்லாம் கெட்டது. உங்கள் கைகள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் சொல்லுங்கள். இரண்டாவது கமரா எந்தப் பக்கம் நிற்கும் என்றும் கேளுங்கள். பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகளை முன்னால் இருத்திச் செய்கிற வித்தை பக்கவாட்டில் நிற்கும் கமராவுக்கு அப்படியே பிடிபட்டுவிடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு போன்களை வைத்து வீட்டிலேயே எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஒளித்த காசின் விளிம்பு எதிலாவது மினுங்கினால் அந்த வித்தையை விட்டுவிட்டுக் கயிற்று வித்தையைக் கொண்டுபோங்கள்.

அப்புறம், கைவசம் உள்ளதெல்லாவற்றையும் அங்கே கொட்டிவிடாதீர்கள். மேடையில் ஒரே வித்தையை ஊர் ஊராக வருடக்கணக்கில் காட்டலாம். ரீவியில் ஒருநாள் போனால் பார்த்தவர்களுக்கெல்லாம் அது பழசு. பரந்தனிலும் மல்லாவியிலும் கடைசியாகக் காட்டிக் கைதட்டு வாங்குகிற அந்த ஒன்றை உங்களிடமே வைத்திருங்கள்.

பெரிய போட்டி பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்து வித்தைக்காரர் பால் டேனியல்ஸ் 1970இல் ரீவித் திறமைப் போட்டியொன்றில் இரண்டாவதாக வந்தார். பிபிசியில் அவருடைய பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது 1979இல். இடையில் கிளப் மேடைகளிலும் மற்றவர்களின் ரீவி நிகழ்ச்சிகளில் கிடைத்த சில நிமிடங்களிலும்தான் அவர் வளர்ந்தார். பிறகு அந்த நிகழ்ச்சி 1994வரை ஓடியது! 2018இல் அமெரிக்காவின் பெரிய திறமைப் போட்டியில் வென்ற வித்தைக்காரர் ஷின் லிம்மும் அதற்கு முன்பே பென், டெலர் என்ற இரண்டு வித்தைக்காரர்கள் 'முடிந்தால் எங்களை ஏமாற்றுங்கள்' என்று மற்ற வித்தைக்காரர்களை அழைக்கும் ரீவி நிகழ்ச்சிக்குப் போய்வந்தவர். அவர்களையே ஏமாற்றிவிட்டாலும் அங்கே கிடைப்பது லாஸ் வேகாஸில் அவர்களுடைய மேடையில் வித்தை காட்டும் வாய்ப்புத்தான், பணமுடிப்பு அல்ல. அதற்காகவே உலகெங்கும் இருந்து வித்தைக்காரர்கள் போகிறார்கள்.

அப்பாவிடம் 'வேலையை விடவில்லை, ஒருநாள் லீவுதான்' என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒளிப்பதிவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிகழ்ச்சி முடியும்போது உங்கள் பெயரும் போன் இலக்கமும் திரையில் வரவேண்டும் என்று கேட்க மறக்காதீர்கள். அந்த இலக்கத்துக்கு யார் அழைத்தாலும் அன்றைக்கே பதில் சொல்லுங்கள்.