வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா?

வணக்கம். 'ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்று மேலாளருக்கு எழுதியதில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வரை அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. நீங்கள் நினைத்ததற்கு 'பை ஃப்ரைடே' வேண்டும்.

எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வரை' வந்தால் அன்டில். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதுபோல் கெடு வந்தால் பை. தொடர்ந்து நடப்பதற்கு முன்னது, ஒருமுறை நடந்து முடிவதற்குப் பின்னது.

ஆனால் இந்தக் 'குள்' ஓர் இடத்தில் ஏமாற்றும். 'மூன்று நாட்களுக்குள்' என்பது கெடுநாள் அல்ல, கால அளவு. அங்கே பை பொருந்தாது. 'வித்தின் த்ரீ டேஸ்' என்றே எழுதுங்கள். வெறும் 'இன் த்ரீ டேஸ்' என்றால் மூன்று நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அலுவலகக் கடிதங்களில் இங்கே குழப்பம் வரலாம்.

எதிர்மறையில் அன்டில் தாராளமாக வரும். 'ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன் முடியாது என்று பொருள். டில் என்பதும் அன்டில்தான், சற்றுப் பேச்சு வழக்குச் சாயல் உண்டு.

மேலாளர் குழம்பியிருக்கக்கூடும்; 'பை ஃப்ரைடே' என்று திருத்தி இன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.