தோளில் கால்சியம் படிந்தால் பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 49. மூன்று மாதங்களாக வலது தோளில் வலி. கொடியில் துணி போடக் கையைத் தூக்க முடியவில்லை. இரவில் வலப்பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் போய்விடுகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் தோளில் கால்சியம் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மாமியார், பால், தயிர், கேழ்வரகு எதையும் தொடக் கூடாது என்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் கொழுந்தனாருக்கும் ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறது. எனக்கும் இது சிறுநீரகம், இதயம் என்று பரவுமா? ஓராண்டாக வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை, 60,000 யூனிட், சாப்பிட்டு வருகிறேன். அதைத் தொடரலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்தியிருந்தால் இன்றே மீண்டும் குடிக்கத் தொடங்குங்கள். கடைசியாகப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்த வைட்டமின் டி மாத்திரை, அதைத்தான் இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டும். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடும். ரத்தத்தில் இருக்கும் சிறு பங்கை, டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கட்டிக்காக்கின்றன. ஒரு டம்ளர் பாலைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த அளவு பெரிதாக அசையாது. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் உங்களுக்கு இந்தப் பத்தியத்தால் தோளில் படிந்தது கரையப் போவதில்லை, எலும்புதான் கரையும். வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கூழோ களியோ, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இனி தோள். கையைத் தூக்க உதவும் தசைநாண் ஒன்று தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஓடுகிறது. கால்சியம் பெரும்பாலும் இதில்தான் படியும். 30 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களிடம், அதிலும் பெண்களிடம், இதை அதிகம் பார்க்கிறோம். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். ரத்தத்தில் கால்சியம் அளவு இவர்களுக்குப் பொதுவாகச் சரியாகவே இருக்கும்.

இதில் நோயாளிகளைக் குழப்புவது வலியின் போக்குதான். படிவு உருவாகும் காலத்தில் பலருக்கு வலியே தெரியாது. உடல் அதைக் கரைத்து உறிஞ்சத் தொடங்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். இடது தோளில் இப்படி வந்து, மாரடைப்போ என்று பயந்து நள்ளிரவில் இசிஜி எடுக்க ஓடி வருபவர்கள் உண்டு. அந்தக் கட்டத்தில் ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பற்பசை போல வெள்ளையாகக் குழைந்து வரும். எக்ஸ்ரேயிலும் படிவின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மங்கித் தெரியும். எனவே வலி கூடியதாலேயே நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பலருக்கு அது தானாகவே குறையும் கட்டமாக இருக்கும்.

அறுவைச் சிகிச்சை வரை போகிறவர்கள் சிலரே. மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரை, கூடவே பிசியோதெரபி, தேவைப்பட்டால் ஒரு ஸ்டீராய்டு ஊசி என்பதே வழக்கமான வரிசை. அதற்கும் அடங்காவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்திப் படிவைக் கழுவி எடுக்கலாம். அதிர்வலைச் சிகிச்சையும் இருக்கிறது. வலிக்கிறதே என்று கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஜாக்கெட் போடவே திண்டாடுவீர்கள். எண்ணெய் தடவி அழுத்தி நீவி எடுத்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் தோளைக் கொடுக்காதீர்கள்.

இது தோளிலிருந்து கிளம்பி இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ போகாது. சிதைந்த அல்லது பழைய புண் ஆறிய இடத்தில் கால்சியம் படிவது உடலின் இயல்பு. காசநோய் ஆறிய நுரையீரல், மூளைக்குள் செத்துப்போன நாடாப்புழுவின் கூடு, எப்போதோ இடுப்பில் போட்ட ஊசியின் தழும்பு என்று ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளில் பல இந்த வகைதான். ஆனால் இரண்டை அலட்சியம் செய்யக் கூடாது. ஒன்று, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் பொடிப்பொடியாகக் கூட்டமாகத் தெரியும் படிவு. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்னொன்று, கணையத்தில் படியும் கால்சியக் கற்கள். கேரளத்திலும் தமிழகத்திலும் இளம் வயதினரிடமே காணப்படும் இந்தக் கோளாறு சர்க்கரை நோயில் கொண்டுபோய் விடும்.

உங்கள் கொழுந்தனாரின் கதை வேறு. சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அது கால்சியத்துடன் சேர்ந்து, ரத்தக் குழாயின் சுவரிலும் இதய வால்விலும் போய்ப் படியும். பாலையும் தயிரையும் அளந்து சாப்பிட வேண்டியவர் அவர்தான். மகனுக்கு மருத்துவமனையில் சொன்ன பத்தியத்தை மாமியார் மருமகளுக்கும் சேர்த்து அமல்படுத்திவிட்டார் போலிருக்கிறது! கோலா பானங்களையும் பதப்படுத்திய இறைச்சியையும் அவர் அறவே தவிர்ப்பது நல்லது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயன் இருக்காது. தோலில் கடும் வலியுடன் கருத்த திட்டோ புண்ணோ தோன்றினால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்த மாத்திரை. 60,000 யூனிட் வைட்டமின் டி-யை வாரம் ஒன்றாக வழக்கமாக எட்டு வாரங்களுக்கு எழுதிக்கொடுப்போம். பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்போம். பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஏராளம். ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று எடுத்துக்கொண்டு மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்களும் உண்டு. இது கொழுப்பில் கரையும் வைட்டமின்; மிஞ்சியது உடலிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, நீங்கள் பயப்படுகிறபடி சிறுநீரகத்தில் படியும். மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள்.

நீங்கள் சாப்பிட்ட அளவில் எல்லோருக்கும் பாதிப்பு வந்துவிடாது. தோள்வலிக்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பும் இல்லை. ஆனாலும் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி அளவுகளைப் பாருங்கள். அதே ரத்தத்தில் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் பார்த்துவிடலாம். கால்சியம் கூடுதலாக வந்தால் பாராதைராய்டு ஹார்மோனையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். முடிவுகளோடு எலும்பு மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரே அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல் படத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். படிவின் ஓரத்தைப் பார்த்துத்தான் ஊசி போடுவதா, காத்திருப்பதா என்று அவர் முடிவு செய்வார்.